சுழலாத வளையம்

குளுவாங், ஜொகூர்
2 மார்ச் 2024

அன்பு மகள் லோஷினிக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? டப்ளினில் இன்னும் குளிர் விடவில்லை என்று கேள்விப்பட்டேன். போனில் கூப்பிட்டால் "அம்மா, வார்டுக்கு ஓடணும், அப்புறம் பேசறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் இந்த மின்னஞ்சல். பேருந்தில் போகும்போது படி, பாதியில் நிறுத்து, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். பதிலை மட்டும் தமிழில் எழுது. நீ படித்த தமிழ்ப்பள்ளிக்கு அந்த மரியாதையாவது இருக்கட்டும்.

ஒரு செய்தி. சிரிக்கக் கூடாது. நான் ஸ்கூபா கற்றுக்கொள்ளச் சேர்ந்திருக்கிறேன்.

அப்பா போன பிறகு என் முட்டி வலிக்கு டாக்டர் நீந்தச் சொன்னார் அல்லவா? குளத்தில் சொல்லித்தரும் செல்லம் டீச்சர்தான் ஒருநாள், "அக்கா, தண்ணிக்குள்ள இருக்கறப்ப உங்க முகமே வேற மாதிரி இருக்கு. மேல வந்தா மறுபடியும் பழைய முகம். நீங்க டைவிங் போய்ப் பாருங்களேன்" என்றாள். அந்தப் பேச்சு மனத்திலேயே கிடந்தது. அப்பாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்ட அத்தனை வருஷமும் நான் மூச்சை முழுசாக விடவே இல்லையோ என்று தோன்றியது.

வார இறுதிகளில் ஜொகூர் பாருவில் வகுப்பும் குளப் பயிற்சியும். மே மாதம் மெர்சிங்கிலிருந்து படகில் தீவுக்குப் போகிறோம். ஆசிரியர் பெயர் டாரில். பொறுமையான ஆள். எனக்கு ஜோடி பிரேமளா. பாசிர் கூடாங் ஆலையில் ஷிப்டு வேலை, உன்னைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். தண்ணீருக்குள் நான் அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவள் என்னைப் பார்த்துக்கொள்வாள். அதுதான் சட்டமாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆளுக்கொரு கைக்கடிகாரம் வேண்டும் என்கிறார் டாரில். கம்ப்யூட்டர் மாதிரி ஒன்று இருக்கிறதாம், அதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம், முதலில் கீழே நேரம் பார்த்துப் பழகுங்கள் என்றார். நானும் பேரங்காடியில் ஒரு வாட்ச் கடைக்குப் போனேன். டைவிங் வாட்ச் என்று கேட்டதும் அந்தப் பெண், "யாருக்கு ஆண்ட்டி, மகனுக்கா?" என்று கேட்டாள். எனக்கென்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமா, மகனுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, எதையும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். எனக்கு ஏதடி மகன்? காருக்குள் வந்து உட்கார்ந்த பிறகும் முகம் சுட்டது.

உனக்கு இதெல்லாம் தெரியுமே. எப்படிப்பட்டதாக வாங்குவது என்று ஒரு வரி எழுது.

ரப்பர் உடையில் எடுத்த படத்தைக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறேன். பார்த்தாயா?

அன்புடன்,
அம்மா


டப்ளின்
8 மார்ச் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். தேர்வு நெருங்குகிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

படத்தைப் பார்த்தேன். நான் பார்ப்பதற்கு முன்பே வாசுகி அத்தை அதை எனக்குத் தனியாக அனுப்பி, "அண்ணிக்கு என்னாச்சு?" என்று கேட்டிருந்தார். கூடவே சிரிப்பு முகங்கள். நான் என்ன பதில் சொல்ல? அப்பா இறந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கோயிலில் உங்களைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் பேசுவார்கள். அந்த உடை உடம்போடு எப்படி ஒட்டியிருக்கிறது என்று நீங்கள் பார்க்கவில்லையா? தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

நீந்துவது நல்லதுதான், தொடருங்கள். கடலுக்குள் போவதெல்லாம் இந்த வயதில் தேவையா என்று யோசியுங்கள்.

கடிகாரத்துக்காகக் கடை கடையாக ஏறி எல்லோரிடமும் கதை சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். நானே விசாரித்து நல்லதாக ஒன்று அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
லோஷினி


குளுவாங்
14 ஏப்ரல் 2024

என் செல்ல மகள் லோஷினிக்கு,

புத்தாண்டு வாழ்த்து. நீ அனுப்பிய பொட்டலம் சரியாக நேற்று வந்து சேர்ந்தது. பிரித்த உடனே கையில் கட்டிப் பார்த்தேன். நீல முகப்பும் சுற்றிலும் வெள்ளை எண்களுமாக எவ்வளவு அழகு! இன்று காலை கோயிலுக்கும் அதைக் கட்டிக்கொண்டுதான் போனேன். படத்தை அன்றைக்கே எடுத்துவிட்டேன். நீ சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. இடுப்பெல்லாம் தெரிய நின்றிருக்கிறேன், அறிவில்லாமல்.

இன்று மதியம் டாரில் குளப் பயிற்சி வைத்திருந்தார். எல்லோரும் அவரவர் வாட்சைக் காட்டினார்கள். நான் கையை நீட்டி, "என் மக அனுப்புனா. டப்ளின்ல டாக்டருக்குப் படிக்கிறா. அவளே தேடிப் பாத்து வாங்குனா" என்றேன். பிரேமளா, "ஆண்ட்டிக்கு என்னா, குடுத்து வச்சவங்க. எங்கம்மாவுக்கு நான் ஒரு கைப்பைகூட வாங்கிக் குடுத்ததில்ல" என்று என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு சந்தேகம். முகப்பைச் சுற்றி இருக்கும் வளையத்தைத் திருப்ப வேண்டுமாம். இறங்கும்போது அதிலுள்ள முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், எத்தனை நிமிஷம் ஆனது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். மற்றவர்களுடையது கடக் கடக்கென்று திரும்புகிறது. என்னுடையது அசையவில்லை. புதுசு என்பதால் இறுகியிருக்கிறதோ? ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடலாமா? இன்னொன்று, பின்பக்கம் 30 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. நாங்கள் போகப்போவது அதற்கும் குறைவான ஆழம்தான். போதும் அல்லவா?

நேரத்துக்குச் சாப்பிடு. சோறு சமைக்க நேரமில்லை என்றால் முட்டையாவது அவித்து வை.

அன்புடன்,
அம்மா


டப்ளின்
16 ஏப்ரல் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிகாரம் பிடித்திருப்பதில் மகிழ்ச்சி. எண்ணெய் எல்லாம் விடாதீர்கள். பழகப் பழகச் சரியாகிவிடும். 30 மீட்டர் போதும்.

தேர்வு முடிந்ததும் விரிவாக எழுதுகிறேன்.

அன்புடன்,
லோஷினி


குளுவாங்
26 மே 2024

அன்பு லோஷினிக்கு,

தேர்வு நன்றாக எழுதினாயா? நான் தீவுக்குப் போய் வந்துவிட்டேன். சான்றிதழும் கிடைத்தது.

கடலுக்குள் என்ன பார்த்தேன் என்று சொன்னால் நம்பமாட்டாய். பவளப் பாறைக்கு மேல் மஞ்சள் மீன் கூட்டம் ஒன்று என்னைச் சுற்றிக்கொண்டு போனது. ஒன்றுகூடப் பயப்படவில்லை. நான் யாருடைய மனைவி, யாருடைய அம்மா, எத்தனை வயது என்று அவற்றுக்கு என்ன தெரியும்? என் மூச்சுச் சத்தம் மட்டும் காதில் கேட்டது. பாடம் நடந்த நாட்கள் எல்லாம் நன்றாகவே போயின.

கடைசி நாள் சின்னத் தடங்கல். ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் நலமாகத் திரும்பினோம். பிரேமளா என்னோடு திரும்பி வருவதாக இருந்தது, வேறு காரில் போய்விட்டாள். அவளுக்கு ஷிப்டு இருந்திருக்கும்.

கொஞ்ச நாளாகக் குளத்துக்குப் போகவில்லை. செல்லம் டீச்சர் கூப்பிட்டாள், சளி என்று சொல்லிவிட்டேன். நீ சொன்னது சரிதான் என்று இப்போது படுகிறது. இந்த வயதில் எதற்கு இதெல்லாம்?

கடிகாரத்தை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீ ஒன்றும் கவலைப்படாதே.

அம்மா


டப்ளின்
9 ஜூன் 2024

அம்மா,

இந்தக் கடிதத்தை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் அந்த மஞ்சள் மீன்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதல்முறையாக ஆசை வந்தது, நீங்கள் தண்ணீருக்குள் எப்படி இருப்பீர்கள் என்று பார்க்க. உங்கள் டைவிங் பள்ளியின் பக்கத்தைத் தேடிப் போனேன். உங்கள் படம் இருக்குமென்று நினைத்தேன். ஒரு கை மட்டும்தான் இருந்தது. கையில் நீல முகப்புக் கடிகாரம், கண்ணாடிக்குள் தண்ணீர். முகம் இல்லை, பெயர் இல்லை. மணிக்கட்டில் அந்தப் பழைய எண்ணெய் சுட்ட தழும்பு. அந்தக் கையை எனக்குத் தெரியாதா?

கீழே எழுதியிருந்தார்கள். மாணவி ஒருவர் தங்காக் பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், வாங்கிய வாட்சை நம்பிக் கடலில் இறங்கினாராம். நேரம் தெரியாமல் தூரம் போய், காற்றுத் தீர்ந்து, தோழியின் டேங்க்கிலிருந்து மூச்சு வாங்கி மேலே வந்தாராம். அதற்குக் கீழே யார் யாரோ சிரித்திருந்தார்கள். "ஆண்ட்டி காசு மிச்சம் பண்ணப் பாத்தாங்க லா" என்று ஒருவன்.

பாசார் மாலாமில் வாங்கினேன் என்று சொன்னீர்களா அம்மா? எனக்காகவா?

நான் எதையும் விசாரிக்கவில்லை. வார்டுக்குப் போகிற வழியில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். தள்ளுபடித் தட்டில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்தேன். கடல் கடிகாரம் மாதிரி இருந்தது, அவ்வளவுதான். கடைக்காரப் பெண், "இது டைவிங்குக்கா? அப்படியென்றால் இது ஆகாது" என்று சொன்னாள். சொன்னாள் அம்மா. "பரவாயில்லை, என் அம்மா நிஜமாகப் போகப்போவதில்லை. கொஞ்ச நாளில் சலித்துவிடும், கையில் கட்டிக்கொண்டு காட்டுவதற்குத்தான்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

வளையம் திரும்பவில்லை என்று எழுதினீர்கள். அது வெறும் அலங்காரம், திரும்பவே திரும்பாது என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் பழகப் பழகச் சரியாகும் என்று எழுதினேன். 30 மீட்டர் என்றால் என்னவென்று நான் தேடிக்கூடப் பார்க்கவில்லை. போதும் என்று எழுதினேன். இன்றைக்குத்தான் பார்த்தேன். மழைத்துளிக்கும் கை கழுவுவதற்கும்தான் அது தாங்குமாம்.

பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் என்னாகும் என்று தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். வாசுகி அத்தை என்ன நினைப்பார் என்று யோசித்த நேரத்தில் பாதியை உங்களுக்காக யோசித்திருந்தால் போதும். உங்களைப் பற்றி வெட்கப்பட்டேன் அம்மா. இப்போது கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நல்ல டைவ் கம்ப்யூட்டர் ஒன்று அனுப்புகிறேன். இந்த முறை நன்றாக விசாரித்துவிட்டேன். ஆகஸ்டில் விடுமுறை, வரலாமா? நீங்கள் வேண்டாமென்றாலும் எனக்குப் புரியும்.

லோஷினி


குளுவாங்
17 ஜூன் 2024

என் கண்ணே லோஷினி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரமாக எதுவும் எழுதவில்லை. கோபத்தால் இல்லை. நீ எழுதியது பாதிக் கதை. மீதியை எழுத எனக்கும் தைரியம் வேண்டியிருந்தது.

அந்தக் கடிகாரம் கடலுக்கு ஆகாது என்று இறங்குவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

உன் பதில் வந்த அடுத்த வகுப்பில் டாரில் வாட்சைப் பற்றியே பாடம் எடுத்தார். "முப்பது மீட்டர்னு போட்டிருந்தா மழைக்குத்தான். அம்பதுன்னா குளத்துல நீந்தலாம். டைவிங்குக்கு இருநூறு பாத்து வாங்குங்க. திருகுற சாவி இருக்கணும், அத நல்லா திருகி மூடியிருக்கணும். வளையம் ஒரு பக்கமாத்தான் திரும்பணும். எதுலயாச்சும் இடிச்சு நகந்தாலும், அதிக நேரம் ஆனதாத்தான் காட்டும், குறைச்சுக் காட்டாது. அதான் பாதுகாப்பு" என்றார். பிறகு எல்லோரையும் வளையத்தைத் திருப்பச் சொன்னார். அறை முழுக்கக் கடக் கடக்கென்று சத்தம். நான் விரலை வளையத்தின் மேல் வைத்துத் திருப்புவதுபோல் பாவனை செய்தேன். அசையாத ஒன்றை, ஐம்பத்தாறு வயதில், சின்னப் பிள்ளை மாதிரி. பிறகு மேசைக்கடியில் கையைக் கொண்டுபோய்ப் பின்பக்கத்தைப் பார்த்தேன். சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அப்போதே கையைத் தூக்கி, "டாரில், என்னோடது சரியில்ல, பள்ளியில ஒண்ணு இரவல் கிடைக்குமா?" என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் தந்திருப்பார். ஆனால் போன வாரம்தானே கையை நீட்டி, என் மகள் தேடிப் பார்த்து வாங்கினாள் என்று பெருமை அடித்தேன்? அதே வாயால் எப்படிக் கேட்பது? ஒருவேளை தாங்கும், ஒருவேளை உனக்குத் தெரிந்துதான் எழுதியிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாட நாட்களில் நேரத்தை டாரில் பார்த்துக்கொண்டார். சான்றிதழ் வாங்கிய மறுநாள் நானும் பிரேமளாவும் தனி ஜோடியாகப் போனோம். வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஆழம் அவளுக்கு, நேரம் எனக்கு. படகிலேயே அவள், "நேரமாச்சுன்னா சொல்லுங்க ஆண்ட்டி, நான் மீன் பாத்துக்கிட்டே போயிடுவேன்" என்றாள். சரி என்றேன்.

கீழே கொஞ்ச தூரம் போனதும் பார்த்தேன், கண்ணாடியில் ஆவி. முள் நின்றுவிட்டது. கோளாறு என்றால் கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். செய்ய வேண்டியது அது மட்டும்தான். அதைச் செய்தால் பிரேமளா பக்கத்தில் வந்து என் கையைப் பார்ப்பாள். நான் ரப்பர் உடையின் கையை இழுத்து வாட்சை மூடினேன். அவள் திரும்பிப் பார்த்துக் கேட்டபோது விரலை வட்டமாகக் காட்டி எல்லாம் சரி என்றேன். காற்று மீட்டரைப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. நேரத்தை ஊகிப்பதிலேயே மூளை போய்விட்டது. பயத்தில் மூச்சு வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு இழுத்தால் மூச்சு வரவில்லை, லோஷினி. நான் அவள் காலைப் பிடித்து இழுத்தேன். அவள் தன்னிடமிருந்த இன்னொரு வாய்க்குழாயை என் வாயில் திணித்து, என் தோள்பட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குள்ளேயே பார்த்தபடி மெதுவாக, மெதுவாக என்னை மேலே கொண்டுவந்தாள். அவளுக்கும் காற்று முடிகிற நிலைதான்.

படகில் டாரில் என் கையைப் பார்த்து, "இத எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார். தங்காக் பாசார் மாலாம் என்று வாயில் வந்தது. உன்னைக் காப்பாற்றினேன் என்று நீ நினைக்கிறாய். பாதி அப்படித்தான். மீதி என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். பிரேமளா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் அந்த வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குடுத்து வச்சவங்க என்றவள். நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கரை வரும்வரை கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் கடிதம் வந்த பிறகு, சனிக்கிழமை பாசிர் கூடாங் போய் அவளைப் பார்த்தேன். ஆலைப் பேருந்திலிருந்து இறங்கி வந்தாள். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முன்பே தெரியும் என்பதையும் சொன்னேன். தேநீர் ஆறிப்போகும் வரைக்கும் அவள் தொடவில்லை. பிறகு சொன்னாள்: "வாட்ச் நின்னது தப்பில்ல ஆண்ட்டி. நான் திரும்பிப் பாத்தப்ப ஓக்கேன்னு காட்டுனீங்க பாருங்க, அதான். அந்த விரல நம்பித்தான் நான் முன்னால போனேன். எனக்கும் ஒரு அம்மா இருக்காங்க, எனக்காகக் காத்துக்கிட்டு." இனிமேல் என்னோடு ஜோடியாக வரமுடியாது என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவள் என்னை மன்னிக்கவில்லை என்று நினைக்கிறேன். அது அவள் உரிமை.

டாரிலிடமும் சொல்லிவிட்டேன். படத்தை எடுத்துவிடவா என்று கேட்டார். வேண்டாம், பாசார் மாலாம் என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள், அந்த வியாபாரிகள் பாவம் என்றேன். "மறுபடி வருவீங்களா?" என்று கேட்டார். யோசிக்கிறதற்குள் "வருவேன்" என்று சொல்லியிருந்தேன். கொஞ்ச நாள் தானே எனக்கு ஜோடியாக இருப்பதாகச் சொன்னார்.

அன்றைக்கே வாட்ச் கடைக்கும் போனேன். அதே கடை இல்லை, வேறு. "யாருக்கு?" என்று கேட்டதற்கு "எனக்கு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவேளை சிரித்திருக்கலாம், நான் வளையத்தைத் திருப்பிப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தேன். கறுப்பு முகப்பு, இருட்டில் ஒளிரும் பெரிய முள், ரப்பர் உடைக்கு மேலேயே கட்டும்படி நீளமான வார். அழகில் நீ அனுப்பியதற்குப் பக்கத்தில் நிற்காது. அதனால் கம்ப்யூட்டர் எதையும் அனுப்பாதே. அனுப்பினால் வருத்தப்படுவேன்.

நீ என்னைப் பார்த்து வெட்கப்பட்டாய் என்று எழுதியிருக்கிறாய். படித்தபோது வலித்தது. ஆனால் என்னையும் கேட்டுக்கொண்டேன். டாக்டருக்குப் படிக்கும் மகள், டப்ளின் மகள் என்று போகிற இடமெல்லாம் உன்னை நகையாக மாட்டிக்கொண்டு திரிந்தேனே, அது உனக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும்? ஒரு வாட்ச் சரியில்லை என்று சொல்லக்கூட முடியாத அளவுக்கு உன்னை உயரத்தில் வைத்தது நான்தான். நீயும் மனுஷிதான், அவசரத்தில் தப்புச் செய்வாய் என்று எனக்குத் தெரிந்திருந்தால், எனக்குக் காற்று தீர்ந்திருக்காது.

ஆகஸ்டில் வா. வரலாமா என்று கேட்கிறாயே, இது யார் வீடு? வெறுங்கையோடு வா. படகில் உன்னை "இது என் மகள்" என்று மட்டும் சொல்வேன், மேற்கொண்டு ஒரு வார்த்தை சேர்க்க மாட்டேன். அந்த ரப்பர் உடையில் நான் எப்படி இருக்கிறேன் என்று நேரிலேயே பார்த்துக்கொள். பார்க்கச் சகிக்காதுதான். பார்.

நான் இறங்கும்போது நீ படகிலேயே உட்கார்ந்திரு. மேலே வரக் கொஞ்சம் நேரமானால் பயப்படாதே என்று எழுத வந்தேன். வேண்டாம், பயப்படு. எனக்காக நீ கொஞ்சம் பயப்படுவது எனக்கு வேண்டியிருக்கிறது.

உன்
அம்மா